அடுப்பைத் தொட்டுப் பார்க்கிறவர்

பழைய தில்லியில் ஒரு ஹவேலியின், பாழடைந்த பெரிய மாளிகையின், வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அதை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டப்போகிறார்கள். இடிக்கும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. "சப் காலி ஹை, சார்," என்றார் ஒப்பந்ததாரர்; எல்லாம் காலியாம். இடிக்கச் சைகை காட்டக் கையைத் தூக்கும்போது கிட்வாய் நகரிலிருந்து போன். "அப்பா போயிட்டாங்க மாமா," என்று கோமதிநாயகத்தின் மகள் அழுதாள். தூக்கிய கை தானாக இறங்கிவிட்டது.

நானும் அவரும் ஒரே அலுவலகத்தில் பொறியாளர்கள். ஊரும் ஒன்றுதான், பாளையங்கோட்டை. விழப்போகிற கட்டடங்களை ஆள்மேல் விழுமுன் இடிப்பது எங்கள் வேலை. அவருக்கு நாம் வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இடிக்குமுன் ஒவ்வொரு அறையிலும் நுழைந்து குரல் கொடுப்பார். அதோடு விடமாட்டார், கண்ணில் படும் அடுப்பிலெல்லாம் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

ஒருமுறை கஷ்மீரி கேட் பக்கம் ஓர் அடுப்பு கதகதவென்று இருந்தது. தேடினோம். காது கேளாத கிழவர் ஒருவர் பரணில் தூங்கிக்கொண்டிருந்தார். கீழே இறங்கி, தூக்கத்தைக் கெடுத்ததற்காக எங்களைத் திட்டினார். கோமதிநாயகம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பதில் வந்தா நிம்மதிவே. வரலைன்னாத்தான் எனக்குப் பயம்," என்றார்.

ஓய்வு பெற்ற பிறகும் போனில் கேட்பார்: "அடுப்பத் தொட்டீரா?" "உம்ம வீட்டு அடுப்பத் தொடும் ஓய், காப்பியாவது கிடைக்கும்," என்பேன். அவர் சிரித்ததில்லை. "சொப்பனத்துல சொவரு விழுந்துக்கிட்டே இருக்குவே. அடியில யாரோ கூப்பிடுதாவ," என்றார் ஒருநாள்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு ஹவேலிக்குள் போனேன். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. அதன் அதிர்வில் காரை உதிர்ந்து தலையில் விழுந்தது. "கோயி ஹை?" யாராவது இருக்கிறார்களா என்று அறை அறையாகக் கேட்டேன். பதில் இல்லை. கீழே இருந்த அடுப்புகள் சில்லிட்டிருந்தன. மாடி மூலையில் செங்கல் கூட்டிய அடுப்பு ஒன்று. தொடவே பயமாக இருந்தது. தொட்டேன். சுட்டது.

ஜன்னலுக்கு ஓடி, "பந்த் கரோ!" என்று இயந்திரத்தை நிறுத்தச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து அறையில், காய்ச்சலில் நினைவில்லாமல் சுருண்டு கிடந்த ஒரு கூலித் தொழிலாளியை, நானும் ஓடிவந்த ஆட்களும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அவர் பிழைத்துவிட்டார்.

அன்று மாலை கிட்வாய் நகருக்குப் போய்க் கோமதிநாயகத்தின் கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. என் உள்ளங்கை மட்டும் இன்னும் எரிகிறது. அவருடைய பயத்தை நான் அதில்தான் வைத்திருக்கிறேன்.