தூரத்து மலையைக் கறுப்பாக்கிய கண்

திண்டுக்கல்லில் கடல் கிடையாது. அதனாலோ என்னவோ, இங்கே சுவரில் கடல் கேட்காத ஆளும் கிடையாது. கல்யாண மண்டபம், பேக்கரி, பல் ஆஸ்பத்திரி என்று இருபது வருடமாகக் கடல் வரைந்து பிழைத்தவள் நான். என் கணவர் சாரம் கட்டி, வண்ணம் கலந்து தருவார்.

கடலில் தூரம் காட்டுவதுதான் வித்தை. கிட்டத்து மணல் அழுத்தமாக இருக்க வேண்டும். அக்கரை மலைக்கு வெள்ளை கலந்த வெளிர் நீலம். அதன் விளிம்பை ஈரத்துணியால் கலைத்துவிட வேண்டும். பிறகு பின்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்போம். நான் எப்போதும் மூடியது வலது கண்ணை. அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

ஒருநாள் இடது கண்ணில், சுவரை வழவழப்பாக்கப் பூசும் பட்டியின் தூள் விழுந்தது. அதைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். மலையைக் காணோம். "அடியே, இம்புட்டு வெளிறவா அடிப்பே" என்று என்னையே திட்டிக்கொண்டு நீலத்தை அழுத்தி ஏற்றினேன்.

டீ வாங்கி வந்த கணவர் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? மலை மூக்குல வந்து இடிக்குது?"

இடது கண்ணைத் திறந்தேன். மலை கன்னங்கரேலென்று முன்னால் நின்றது. மறுபடி அந்தக் கண்ணைப் பொத்தினேன்; மலை மங்கித் தூரம் போனது.

கண் ஆஸ்பத்திரியில் கிளாக்கோமா என்றார்கள் (கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு சிறுகச் சிறுகச் சாகும் நோய்). பார்வைப் புலச் சோதனையில் (ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும்) வலது கண்ணின் முறை வந்தபோது என் விரல் பெரும்பாலும் சும்மாவே கிடந்தது.

"வலியே இல்லையே சார்!" என்று கத்தினேன்.

"வலிச்சிருந்தா அப்பவே வந்திருப்பீங்கம்மா," என்றார் டாக்டர். "போன பார்வை திரும்பாது. இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருச்சு. இனி அதைத்தான் காப்பாத்தப் பாக்கணும்."

வலது கண்ணில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அழுத்தம் குறைந்தது, பார்வை வரவில்லை. இடதுக்கு ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து. எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டால், "மருந்தை ஒழுங்கா விடுங்க" என்கிறார் டாக்டர்.

இதை வாசிப்பவர்கள் இப்போதே ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மற்றதை. நாற்பது தாண்டியவர்கள் கண் அழுத்தமும் பார்த்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இப்போது எனக்கு உலகமே சுவர் மாதிரித் தட்டையாகத் தெரிகிறது. படி எங்கே முடிகிறது என்று காலால் தடவுகிறேன். குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றுகிறேன். சாரம் ஏற அவர் விடுவதில்லை. ஏற எனக்கும் பயம்தான்.

சொட்டு விட்டதும் ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும்.

"செத்த நேரம் சும்மா உக்காரக் கூடாதா? எங்கிட்டுப் போறே?" என்று அவர் அதட்டுவார்.

நான் மூடிய கண்ணோடு கதவு, கட்டில், அடுப்பு, குழாய் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நடக்கிறேன். இன்று குழாய் வரைக்கும் எதிலும் இடிக்காமல் போய்விட்டேன்.