பத்துக்கு நாலு

இருபது வருடமாக ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவி, தராசு துடைத்து, மாணவர்களை மேய்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே படித்த ஒரு பெண்ணுக்குச் ‘சந்தேகம்’ என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். ஒரே உப்பை மூன்று தடவை எடை போடுவாள். மூன்று தடவையும் ஒரே எடைதான் காட்டும். அப்போதும் விடமாட்டாள். “தராசு சரியா இருக்காக்கா?” என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். அந்த வீட்டில் யாரும் யாரையும் பாராட்டியதே கிடையாது. “சரியா இருக்குன்னு நெனச்சிட்டா கை மெத்தனமாயிடும்” என்பாராம். அந்தப் பயத்தில்தான் அவள் படித்தாள். வகுப்பில் முதலாவதாகவும் வந்தாள்.

பக்கத்து மேசை நெட்டையன் வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பையன். அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், அன்று நன்றாகச் செய்த ஒன்றை ஆளாளுக்குச் சொல்ல வேண்டுமாம். நல்ல பையன்தான். கணக்கில் இடறினால் அவளிடம்தான் ஓடுவான். ஆனால் வாயைத் திறந்தால், “என்னால முடியும்”தான்.

கோடை விடுமுறை ஆராய்ச்சிக்கு ஒரே ஓர் இடம் வந்தது. கிடைத்தால் மேற்படிப்பு நிச்சயம். கிடைக்காவிட்டால் இந்த வருடத்தோடு படிப்பு போதும் என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: உங்கள் திறமைக்கு நீங்களே பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்? அவன் ஒன்பது போட்டான். அவள் நாலு போட்டாள்.

“கிறுக்கா உனக்கு? எட்டுன்னு போடுடீ” என்றேன்.

“நாலே ஜாஸ்திக்கா. எட்டு போட்டுட்டா அப்புறம் நான் எதுக்கு உழைக்கணும்?”

பேராசிரியருக்கு எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை. “ஆறுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் வேண்டாம், தனியா எடுத்து வெச்சிடுங்கம்மா” என்றார். எடுத்து வைத்தவள் நான். ‘இந்தப் பொண்ணை மட்டும் பாருங்க சார்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

முடிவைப் பலகையில் ஒட்டிய அன்று, இடம் கிடைத்த நெட்டையனுக்கே முகம் விழுந்துவிட்டது. “இவளுக்கு ஏங்க்கா கெடைக்கல?” என்று கேட்டான். அவள் அழவில்லை. அறிவிப்பை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“பாத்தீங்களாக்கா? நான் நாலுன்னு சரியாத்தான் போட்டிருக்கேன்.”

தான் செய்த ஒன்றைச் சரி என்று அவள் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.