மீனாவின் கேமுக்கு ஹோம் போதும்

திருவாரூரில் கம்ப்யூட்டர் கடையில் பல வருஷமாக சர்வீஸ் பார்க்கிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: கஸ்டமர் பதறினால் நாமும் சேர்ந்து பதறக் கூடாது. சொல்வது சுலபம்.

அன்று மத்தியானம் மீனா என்ற பெண் கம்ப்யூட்டர் கேபினெட்டை அணைத்துப் பிடித்தபடி கடைக்குள் ஓடி வந்தாள். பின்னாலேயே அவள் அப்பா.

"அக்கா, அஞ்சு மணிக்கு ஆன்லைன்ல செலக்‌ஷன் மேட்ச். கேம் ஓப்பனே ஆக மாட்டேங்குது. இன்னிக்கு ஆடலன்னா டீம்ல வேற ஆளப் போட்டுருவாங்க." அழுதேவிட்டாள்.

போட்டுப் பார்த்தேன். எவனோ ஒரு புண்ணியவான் 'கேமிங் லைட்' என்று ஒரு திருட்டு விண்டோஸை ஏற்றியிருந்தான். வேகம் வரட்டும் என்று பாதுகாப்புக்கு இருந்ததையெல்லாம் வெட்டி எறிந்த பதிப்பு. ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்க கேமிலேயே ஒரு சாஃப்ட்வேர் உண்டு. அது இந்த விண்டோஸை நம்பாமல் கேமைத் திறக்க விடவில்லை.

"ஒரிஜினல் போட்டா சரியாயிரும். ஹோம் எடிஷன் போதும்" என்றேன்.

அப்பா முகத்தைச் சுளித்தார். "வீட்டுக்குப் போடுறதாம்மா? அது வேணாம். ஒசத்தி எதுவோ அதப் போடுங்க. ஓசில போட்டுத்தான் இந்தப் பாடு."

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "ப்ரோ போட்டுரலாம் சார். டாப் எடிஷன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ப்ரோல கேம் ஒரு துளி கூட வேகமா ஓடாதுங்க. ஆபீஸ் நெட்வொர்க்ல சேக்குறதுக்கு, வெளியூர்லேர்ந்து இந்த சிஸ்டத்த இயக்குறதுக்குத்தான் அது. வேகம் வேணும்னா ரேம் ஏத்துங்க."

முதலாளி முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்ப குறுவைப் பட்டத்துக்குப் போயி சம்பா நெல்ல விதைக்கிற கதைங்கிறீங்க."

"அதேதாங்க. ரகம் நல்ல ரகந்தான், பட்டத்துக்கு ஆகாது."

"அப்ப ஹோமே போடும்மா."

அந்த சாஃப்ட்வேர் எதிர்பார்க்கிற 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பை பயாஸ் செட்டிங்கில் ஆன் செய்து, சி டிரைவை மட்டும் அழித்து, ஹோமை ஏற்றினேன். கேம் டி டிரைவில் இருந்ததால் மறுபடி டவுன்லோட் செய்யாமல் தப்பித்தோம். கிராபிக்ஸ் டிரைவர் ஏறுவதற்குள் மீனா பாதி நகத்தைத் தின்றுவிட்டாள். "ஏண்டி, மவுஸ் புடிக்க விரலாச்சும் மிச்சம் வை" என்று ஒரு அதட்டு போட்டேன்.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் கேம் திறந்தது. அப்பாடா! வீட்டுக்குப் போக நேரமில்லை. என் சர்வீஸ் டேபிளிலேயே உட்கார்ந்து ஆடினாள். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்றுவிட்டார்கள்.

பாதி ஆட்டத்தில் அப்பாவுக்கு போன். "என்னது, அறுப்பு மெஷின் வந்துருச்சா?" நம்ம பக்கம் அறுவடை நேரத்தில் அந்த மெஷினைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும். முறை தவறினால் திரும்ப எப்போது வருமென்று சொல்ல முடியாது. வெளியே வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. அவர் வானத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"பக்கத்து வயல மொதல்ல அறுக்கச் சொல்லு. எம் பொண்ணு வேலையா இருக்கா."

அவர் உட்கார ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

மீனாவை டீமில் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து, எந்த விண்டோஸ் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், "என்ன வேலைக்குங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். "சும்மா, கேமுக்குத்தான் மேடம்" என்று யாராவது தலையைச் சொறிந்தால் எனக்குக் கோபம் வரும். "அதுல என்ன சும்மா? நிமிந்து சொல்லுங்க."