புகைப்பெட்டி இல்லாத எட்டு மாதங்கள்

அச்சுவேலித் தில்லைநாதன் யாழ்ப்பாண நகரத்துத் தியேட்டர் ஒன்றில் ஏ.சி. பார்க்கும் வேலைக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்தேழு. அதற்கு முன்னர் பதினேழு வருடங்கள் கரையோரத்து ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் இருந்தார். 1956இல், இருபது வயதில், அங்கே எண்ணெய் துடைக்கும் வேலையில் சேர்ந்து, மோட்டரையும் குழாய்களையும் பார்த்துப் பார்த்தே பழகியவர். அமோனியா எங்காவது ஒழுகினால் மற்றவர்கள் இருமத் தொடங்குவதற்கு முன்னரே ஒழுகும் குழாய் மூட்டு எது என்று அவர் கண்டுபிடித்துவிடுவார். "தில்லைநாதன்ரை மூக்கு இருந்தால் போதும்" என்று அங்கே சொல்லுவார்கள். தொழிற்சாலை மூடப்பட்டபோது, அந்த மூக்கோடும் ஒரு சைக்கிளோடும் நகரத்துக்கு வந்தார்.

தியேட்டரில் குளிர்காற்று தகரக் குழாய்கள் வழியே மண்டபத்துக்குள் போகும். மண்டபத்தில் சூடாகிப்போன காற்றை, ஒரு ஆள் தவழக்கூடிய அளவான இன்னொரு குழாய் மெஷின் அறைக்குத் திரும்ப இழுத்து வரும். அந்தத் திரும்பும் குழாயின் பக்கத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று பூட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து துளையிட்ட மெல்லிய குழாய் ஒன்று காற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அது ஓடுகிற காற்றில் கொஞ்சத்தைப் பெட்டிக்குள் இழுக்கும். அந்தக் காற்றில் புகை இருந்தால் பெட்டி ஃபானை நிறுத்திவிடும். மனேச்சரின் அறையில் மணி அடிக்கும். ஃபான் நிற்காவிட்டால் ஒரு மூலையில் எழும் புகையை அதுவே வாரிக்கொண்டுபோய் அறுநூறு பேரின் முகத்திலும் ஊதிவிடும். காப்புறுதிக்காரர் கேட்டதால் பூட்டிய பெட்டி அது. வேலைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் புகைப்பெட்டி.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை தில்லைநாதன் அந்தப் பெட்டிக்கு என்று ஒதுக்கியிருந்தார். தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு தகரக் குழாய்க்குள் வயிற்றால் ஊர்ந்து போவார். உள்ளே தூசி பஞ்சுபோலப் படிந்திருக்கும். கச்சான் கடலைக் கோதும், கிழித்த ரிக்கற்றும், சில நாட்களில் செத்த பல்லியும் கிடக்கும். எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிக்கொண்டு பின்பக்கமாகவே ஊர்ந்து வருவார். பிறகு துளைக் குழாயைக் கழற்றித் தூரிகையால் துடைப்பார். கடைசியாகத் தேங்காய்த் தும்புக்கயிற்றுத் துண்டு ஒன்றைக் கொளுத்தி, அணைத்து, அதன் புகையைத் துளைக்குப் பிடிப்பார். ஃபான் நிற்கும். "சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்ப ஓடவிடுவார். அன்று பின்னேரம் முழுவதும் அவருக்கு இருமல் இருக்கும்.

1976 சித்திரையில், வருடப் பிறப்புக்கு வந்த படத்தின் முதல் நாள், பெட்டி மூன்று தரம் ஃபானை நிறுத்தியது. மூன்று தரமும் தில்லைநாதன் குழாய் முழுக்கத் தேடினார். புகை எங்கேயும் இல்லை. மண்டபம் நிறையச் சனம். வெக்கை தாங்காமல் விசிலடித்தார்கள், கதிரைகளைத் தட்டினார்கள். நான்காம் தரம் நின்றபோது மனேச்சர் நமசிவாயம் மெஷின் அறைக்கே ஏறி வந்துவிட்டார். சேட் முழுக்க வியர்வை.

"தில்லைநாதன், உந்தப் பெட்டியைக் கழட்டி எறியும்."

"உள்ளை புகையைப் பிடிக்கிற தலை பழுதாப்போச்சு ஐயா. புதுசு எடுக்கவேணும்."

"அது வருமட்டும் சனத்தை அவிக்கச் சொல்லுறீரோ?"

"கம்பியைக் குறுக்கை போட்டால் ஃபான் நிக்காது. ஆனால் உண்மையாய்ப் புகை வந்தாலும் நிக்காது."

"மூண்டு வருசத்திலை ஒருக்காலாவது புகை வந்ததோ?"

"இல்லை."

"அப்ப போடும்."

தில்லைநாதன் போட்டார். இரண்டு அங்குலச் செப்புக் கம்பி. ஒரு நிமிட வேலை. ஃபான் ஓடத் தொடங்கியது. மண்டபத்தில் கைதட்டினார்கள்.

மறுநாள் கொழும்புக் கொம்பனிக்குக் கடிதம் போட்டார். பாகம் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும், இறக்குமதி அனுமதி எடுக்கவேண்டும், மூன்று மாதம் செல்லும் என்று பதில் வந்தது. அந்தக் காலத்தில் சைக்கிள் ரியூப்புக்கே கியூவில் நின்ற நாடு, அவர் ஆச்சரியப்படவில்லை. ஆனால் கடிதம் போட்ட அன்றே, மற்றினி என்ற பகல் காட்சி தொடங்கியதும் அவரால் கீழே போய்த் தேநீர் குடிக்க முடியவில்லை. குழாயின் பக்கத்தில் சுத்தம் செய்வதற்கென்று ஒரு சிறு தகரக் கதவு இருந்தது. அதன் ஆணியைத் தளர்த்தி, ஒரு விரலளவு நீக்கி, பலகைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். மண்டபத்துக் காற்று அந்த நீக்கலைக் கடந்து ஓடியது. தில்லைநாதன் அதை மணந்துகொண்டிருந்தார்.

ஒரு நாளைக்கென்று தொடங்கியது மாதக்கணக்காகியது. ஒவ்வொரு காட்சிக்கும் அவர் அந்தப் பலகைப் பெட்டியில் இருந்தார். தலை எண்ணெய், மல்லிகைப்பூ, வியர்வை, குழந்தைகளின் பால்மணம், பின்வரிசையில் ஒளித்துக் குடிக்கும் சுருட்டு எல்லாம் முகத்தைக் கடந்து போயின. படங்களின் சத்தம் தகரத்துக்குள்ளால் கேட்கும். எந்தப் படத்தையும் அவர் பார்க்கவில்லை. கிழமையில் நான்கு நாட்கள் மெஷின் அறையிலேயே பாய் விரித்துப் படுத்தார். வெங்காயம் நடும் காலத்தில் மனைவியின் தமையன்தான் வந்து தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டினார். தகப்பனின் திவசத்தன்று ஐயர் எழும்பிய கையோடு தில்லைநாதனும் எழும்பினார். இலை போட்டபோது அவர் பஸ்ஸில் இருந்தார்.

ஒரு காலை வீட்டில், செல்வநாயகி அவருடைய சேட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சருங்கோ, அப்பா என்ன வேலை செய்யிறார் எண்டு பள்ளிக்கூடத்திலை கேட்டால் பிள்ளையள் என்னத்தைச் சொல்லுறது?"

"ஏ.சி. பார்க்கிறார் எண்டு சொல்லட்டும்."

"மணந்துகொண்டு இருக்கிறார் எண்டெல்லோ சொல்லவேணும்."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"மனேச்சருக்கு இல்லாத கவலை உங்களுக்கு மட்டும் ஏன்?"

"கம்பியைப் போட்டது அவரின்ரை கை இல்லை. என்ரை கை."

"மெலிஞ்சுபோனியள்" என்று மட்டும் சொல்லி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ஆடியில், பாகம் கப்பலில் வந்து சேர்ந்துவிட்டது என்று கொழும்பிலிருந்து எழுதினார்கள். ஆனால் சுங்கத்தில் மறித்துவிட்டார்களாம். அதற்குள் ஒரு துளி கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. அது வந்த பெட்டியில் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தவர்கள் இன்னொரு திணைக்களத்தின் கடிதம் வேண்டுமென்றார்கள். மனேச்சர் கொழும்புக் கடிதத்தை வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்தார். "இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்றார்.

ஐப்பசி மாதத்து ஒரு சனிக்கிழமை, மற்றினி. மழை வருவதுபோலப் புழுங்கிக்கொண்டிருந்தது. தில்லைநாதன் வழக்கம்போலத் தகரக் கதவின் முன்னால் இருந்தார். கண் திறந்துதான் இருந்தது. தான் உறங்கவில்லை என்று பிறகு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். படம் பாதியைத் தாண்டியிருக்கும். தியேட்டரைக் கூட்டும் அற்புதராணி படியேறி வந்து வாசலில் நின்றாள். பாசையூர்ப் பக்கத்துப் பெண். காரணமில்லாமல் மெஷின் அறைக்கு வருகிறவள் அல்ல.

"அண்ணை, மேல் வாசல் முழுக்கத் தும்பு எரியிற மணம். உங்களுக்கு மணக்கேல்லையோ?"

தில்லைநாதன் கதவை இழுத்துத் திறந்து, முழு முகத்தையும் காற்றுக்குள் விட்டார். இரண்டு தரம் மூச்சை இழுத்தார். ஒன்றும் இல்லை.

"இல்லையே."

"மணக்குது அண்ணை. இஞ்சையும் மணக்குது."

அவர் ரோச்சை எடுத்துக் குழாய்க்குள் அடித்தார். வெளிச்சத்தில் நீலமாக, நூல் நூலாகப் புகை போய்க்கொண்டிருந்தது. அவருடைய கன்னத்தைத் தொட்டுக்கொண்டுதான் போனது.

ஃபானை நிறுத்தினார். குழாயின் அடைப்புத் தகட்டை இழுத்து மூடினார். மணல் வாளி இரண்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மூன்றாவதை அற்புதராணி தூக்கினாள். மண்டபத்தின் பின்சுவரில், நிலத்தோடு ஒட்டி, காற்றை இழுக்கும் கம்பிவலை ஒன்று இருந்தது. யாரோ சுருட்டுக் கட்டையை அதற்குள் தள்ளிவிட்டிருந்தார்கள். சுவருக்குச் சத்தம் அடக்க ஒட்டியிருந்த தும்புப் பலகை ஓரத்தில் பற்றி, கனன்று, ஒரு சுளகளவு கறுத்திருந்தது. தீச்சுவாலை இல்லை. ஃபான் இன்னும் கொஞ்சம் காற்றை இழுத்திருந்தால் வந்திருக்கும்.

தில்லைநாதன் முழங்காலில் இருந்து கையாலேயே மணலை அப்பினார். அற்புதராணி பக்கத்து வரிசைகளில் இருந்தவர்களிடம் போய், "மெஷின் பழுதாப்போச்சு, வெளியிலை காத்தோட்டமாய் நில்லுங்கோ" என்று சொல்லி எழுப்பினாள். கதவுகளைத் திறந்துவிட்டாள். சனம் முறுமுறுத்துக்கொண்டு போனது. யாரும் ஓடவில்லை. என்ன நடந்தது என்று அநேகம் பேருக்குத் தெரியவே இல்லை.

எல்லாம் அணைந்தபிறகு தில்லைநாதன் கதிரை ஒன்றில் இருந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. அற்புதராணி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"நான் அதுக்கு முன்னாலைதான் இருந்தனான், பிள்ளை" என்றார்.

"ஆறு மாதமாய் உதையே மணந்தால் மூக்குக்கு என்ன தெரியும் அண்ணை? மீன் சந்தையிலை இருக்கிறவைக்கு மீன் மணக்கிறதே?"

அவள் அதை ஆறுதலாகச் சொன்னாள். ஆனால் அவர் மனதில் அது வேறு விதமாக விழுந்தது. எட்டு மணித்தியாலம், பத்து மணித்தியாலம் என்று அவர் அங்கே இருந்தது யாரையும் காக்கவில்லை. இருக்க இருக்க மூக்கு மரத்துக்கொண்டே போயிருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற அவருடைய நினைப்புத்தான் மனேச்சரை நிம்மதியாக விட்டிருந்தது.

அன்று மாலை மனேச்சரின் அறைக்குப் போய், கழற்றிய செப்புக் கம்பியை மேசையில் வைத்தார்.

"இனி பெட்டி சரியாகுமட்டும் ஏ.சி. ஓடாது ஐயா."

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே, தில்லைநாதன்."

"அற்புதராணிக்கு இண்டைக்குத் தடிமன் பிடிச்சு மூக்கு அடைச்சிருந்தால்?"

மனேச்சர் கம்பியை மேசை ஓரத்துக்குத் தள்ளிவைத்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. மண்டபம் நிறையவேண்டும் என்று மேலிருந்து நெருக்கப்பட்டவர்.

"முதலாளிக்கு நான் என்ன சொல்லுறது? உம்மடை வேலையும் போகும், என்ரையும் போகும்."

"சொல்லுங்கோ, தில்லைநாதன் ஓட்டமாட்டன் எண்டவன் எண்டு. நான் களைச்சுப்போனன் ஐயா."

முதலாளி மூன்றாம் நாள் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கருகிய சுவரின் முன்னால் குந்தியிருந்து, தும்பைக் கையால் உரசிப் பார்த்தார். அவருடைய மகளும் பேரப்பிள்ளைகளும் அந்தச் சனிக்கிழமை அந்தச் சுவரோடு ஒட்டிய வரிசையில் இருந்தார்கள் என்பது தில்லைநாதனுக்குப் பிறகுதான் தெரியவந்தது. யாரையும் அவர் ஏசவில்லை. "எந்தத் திணைக்களத்துக் கடிதம் வேணும்?" என்று மட்டும் கேட்டார். லாச்சிக்குள் கிடந்த கொழும்புக் கடிதத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ரயில் கோச்சியில் கொழும்புக்குப் போனார்.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் சென்றது. அந்த இரண்டு மாதமும் கதவுகளைத் திறந்துவைத்து, நிலத்தில் நிற்கும் ஃபான்களைப் போட்டுப் படம் காட்டினார்கள். பகல் காட்சியில் வெளிச்சம் உள்ளே விழுந்து படம் வெளிறியது. சனம் குறைந்தது. வேலைக்காரர்களில் சிலர் தில்லைநாதனோடு கதைக்காமல் விட்டார்கள். அவர் கறுத்த பலகைகளைக் கழற்றினார், வலைக்குப் பின்னால் நெருக்கமான இன்னொரு வலை அடித்தார், குழாய் முழுவதையும் மறுபடி ஊர்ந்து துடைத்தார். அதைத் தவிர அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் களைப்புத் தீரவில்லை.

மார்கழியில் பாகம் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் வட்டமான சாமான். தில்லைநாதன் அதைப் பூட்டி, கம்பிகளை முறுக்கி, ஃபானை ஓடவிட்டார். தும்புக்கயிற்றைக் கொளுத்தி, அணைத்து, துளைக்குப் பிடிப்பதற்கு முன்னர் வாசலில் நின்ற அற்புதராணியைப் பார்த்தார்.

"மணக்குதோ?"

"ஓம் அண்ணை. நல்லாய் மணக்குது. உங்களுக்கு?"

அவர் கயிற்றைத் துளைக்குப் பிடித்தார். நான்கைந்து விநாடியில் ஃபானின் இரைச்சல் இறங்கி நின்றது. கீழே மனேச்சரின் மணி அடித்தது. திரும்பவும் செய்தார். திரும்பவும் நின்றது. அன்று மத்தியானமே வீட்டுக்குப் போய்ப் படுத்தவர், அடுத்த நாள் வெயில் ஏறியபிறகுதான் எழும்பினார். செல்வநாயகி பிள்ளைகளைச் சத்தம் போடவிடவில்லை.

அற்புதராணி அறுநூறு பேரைக் காத்தாள் என்று தில்லைநாதன் முதலாளியிடம் சொன்னார். அவளுக்கு ஒரு புதுச்சேலை வந்தது. கூட்டும் வேலை கூட்டும் வேலையாகவே இருந்தது.

அதற்குப் பிறகும் ஆறு வருடங்கள் அவர் அங்கே வேலை செய்தார். மணம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது, முழுவதும் வரவில்லை. கறி அடிப்பிடிப்பது தெரியும். பூ மணம் தெரியாது. முதல் திங்கட்கிழமைகளை அவர் ஒன்றையும் தவறவிடவில்லை. 1982இல், குழாய்க்குள் ஊர்ந்து போனவர் பாதியில் முழங்கால் மடங்காமல் நின்றுவிட்டார். யாரையும் கூப்பிடாமல், அரை மணித்தியாலம் எடுத்து, கைகளால் தள்ளித் தள்ளி வெளியே வந்தார். துவாயை உதறிவிட்டு நேராக நமசிவாயத்திடம் போய் மெஷின் அறைப் பூட்டின் திறப்பைக் கொடுத்தார்.

"இன்னும் ரண்டு வருசம் இருக்கலாமே, தில்லைநாதன்" என்றார் நமசிவாயம். அவருக்கும் தலை வெளுத்திருந்தது.

"இதுவரைக்கும் காணும் ஐயா" என்றார் தில்லைநாதன். "பெட்டி சரியாய் இருக்குது. காலமைதான் பார்த்தனான்."

அச்சுவேலி பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. உரும்பிராய் தாண்டுவதற்கு முன்னரே அவர் நித்திரையாகிவிட்டார்.