லோகனிடம் பிரபாவதி பேசிய இங்கிலீஷ்

பிரபாவதி கிளாஸ்கோவைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை பெங்களூர் போனாள், சென்னையை விட்டால் அவ்வளவுதான் அவள் பார்த்த உலகம். ஆனால் போனில் ஒருவர் நாலு வார்த்தை பேசினால் போதும், அவர் கிளாஸ்கோவா எடின்பரோவா என்று சொல்லிவிடுவாள். நியூகாசில்காரர்கள் முன்பின் தெரியாதவளையும் செல்லமாக "பெட்" என்பார்கள். ஸ்காட்லாந்தில் "யெஸ்" கிடையாது, "ஐ"தான். சின்னது எதுவானாலும் "வீ". கிளாஸ்கோ கிழவருக்குப் பிரியம் வந்துவிட்டால் "ஹென்" என்று கூப்பிடுவார். கோழி என்று அர்த்தம், கோபித்துக்கொள்ளக் கூடாது. இதெல்லாம் எந்தக் கல்லூரியிலும் படித்ததல்ல. அந்த நாட்டு மின்சாரக் கம்பெனி ஒன்றுக்காக ஒன்பது வருடம் போன் எடுத்துப் பதில் சொன்னதில் காது வழியாக ஏறியது. முதல் மூன்று வருடம் ரயிலேறி சென்னைக்குப் போய்வந்தாள். கொரோனாவுக்குப் பிறகு திருத்தணி வீட்டு மாடியறையே ஆபீஸ் ஆனது.

இந்தப் பக்கத்து ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிரில் நிற்பவர் எப்படிப் பேசுகிறாரோ அந்தப் பக்கமே இவர்கள் நாக்கும் சாய்ந்துவிடும். நகரியிலிருந்து வந்தவருக்கு நகரித் தெலுங்கு, புத்தூர்க்காரருக்கு அவர் இழுக்கிற மாதிரி, சென்னைக்காரருக்குச் சென்னைத் தமிழ். யோசித்துச் செய்வதில்லை. வந்தவரை அவர் பேச்சிலேயே விசாரிப்பதுதான் மரியாதை. பள்ளிப்பட்டில் பிறந்த பிரபாவதி அப்பா கோதண்டம் கரும்பு வெட்ட வரும் ஆட்களிடம் அப்படிப் பேசுவதைப் பார்த்து வளர்ந்தவள். மலையடிவாரத்தில் மாலைக்கடை வைத்திருக்கும் அவள் புருஷன் விஜயன் ஒரு மணி நேரத்தில் நாலு ஊர்ப் பேச்சு பேசுவான். இதுவரை ஒருத்தரும் அவனைப் பார்த்து, "என்னைக் கிண்டல் பண்றியா?" என்று கேட்டதில்லை.

அதையேதான் அவள் இங்கிலீஷிலும் செய்தாள். பயிற்சியில் கற்றுக்கொடுத்தது எந்த ஊரையும் சேராத ஒரு மொட்டை இங்கிலீஷ். அது அவள் வாயில் இரண்டு நிமிஷம்தான் நிற்கும். அப்புறம் பேசுகிறவரின் ஊருக்கே போய்விடுவாள். கிழவிகள் குளிர்ந்துபோய், நீ எங்கள் பக்கத்துப் பெண்ணா என்று கேட்டார்கள். கம்பெனியும் மூன்று தடவை சிறந்த ஊழியர் என்று அவள் படத்தைப் போட்டுக் கொண்டாடியது. இலாபம் வந்தவரை அது திறமையாக இருந்தது.

போன ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு லோகன் கூப்பிட்டார். பெயரைக் கேட்டதும் நம்மூர் லோகநாதனோ என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் எழுபத்தெட்டு வயது கிளாஸ்கோக்காரர். கரண்ட் கனெக்‌ஷன் மனைவி பெயரில் இருக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்றார். மனைவி இறந்து ஒன்பது நாள். நாற்பது வருஷமாக எல்லாவற்றையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள், எனக்கு எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது என்று சொல்லும்போது குரல் உடைந்தது.

பிரபாவதி சாவு வீட்டுக்குப் போனவள் போல ஆறுதல் சொன்னாள். அவருடைய உருட்டல், அவருடைய இழுப்பு, "ஐ", "வீ" எல்லாம் அவள் வாயில் தானாக வந்து உட்கார்ந்தன.

"என்னைக் கேலி செய்கிறாயா?" என்றார் லோகன்.

இல்லை, இல்லை என்று பதறினாள். அந்தப் பதற்றமும் கிளாஸ்கோ உச்சரிப்பிலேயே வந்தது. அவர் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை டீம் லீடர் ஷோபனா சென்னையிலிருந்து வீடியோவில் வந்தாள். புகார் வந்திருக்கிறது என்று சொல்லி, பதிவைப் போட்டுக் காட்டினாள்.

"நீயே கேளு பிரபா. அவர் அழுதுகினு இருக்காரு. நீ அவர மாதிரியே பேசிக் காட்டினு இருக்க."

"காட்டல மேடம். எனக்கு அப்டித்தான் வரும்."

"கேக்கறவங்களுக்கு அது மிமிக்ரிதான்மா."

அதுதான் கொடுமை. பதிவில் கேட்டபோது பிரபாவதிக்கே அது மிமிக்ரி போலத்தான் இருந்தது. இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை என்று கடிதம் வந்தது. வாடிக்கையாளருக்குக் கம்பெனியே மன்னிப்பு அனுப்பும், நீ அவரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்றும் அதில் இருந்தது. கம்பெனியின் மன்னிப்பு எல்லோருக்கும் போகிற அதே நாலு வரி. மீட்டர் பழுதானாலும் அதுதான் போகும்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விஜயனுக்குப் பொறுக்கவில்லை.

"வுடு பிரபா. அவரு யாரு, நீ யாரு? எங்கியோ கீற ஆளு."

"பொண்டாட்டி செத்த துக்கத்துல இருந்த மனுசன நான் கேலி பண்ணேன்னு நெனச்சிகினு இருக்காரு பாவா. சாகற வரைக்கும் அப்டித்தான் நெனப்பாரு."

"அதுக்கு இன்னா பண்ணப் போற?"

"போன் பண்ணி சொல்லப் போறேன்."

"வேல போச்சுன்னா?"

"போவட்டும்."

விஜயன், "அப்டின்னா எழுதி வெச்சிகினு படி. காகிதத்த வுட்டு ஒரு வார்த்த வெளிய போவாத" என்றான்.

ஐந்து வாக்கியம் எழுதினாள். எங்கள் ஊரில் எதிராளியின் பேச்சில் பேசுவது மரியாதை, உங்கள் துக்கத்தை நான் கேலி செய்யவில்லை, மன்னித்துவிடுங்கள் என்பதுதான் விஷயம். திங்கட்கிழமை காலை முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று அந்த மொட்டை இங்கிலீஷில் படித்துப் படித்து நாக்கைக் கட்டினாள். மத்தியானம் ஷிஃப்ட் தொடங்கியதும் லோகனைக் கூப்பிட்டாள்.

அவர் எடுத்தார். யார் என்று சொன்னதும் வைத்துவிடவில்லை. அவள் படித்தாள். ஒரு எழுத்துகூட ஸ்காட்லாந்துப் பக்கம் போகவில்லை. ஐந்தாவது வாக்கியம் முடிந்ததும் கிழவர் நீளமாக மூச்சு விட்டார்.

"சரி, ஹென். அன்றைக்கு நானும் நானாக இல்லை. வீட்டில் பேச ஆளில்லாமல் போன பிறகு யார் பேசினாலும் கோபம் வருகிறது. உன் ஊர் எப்படி இருக்கும், சொல்லேன்."

இதற்குக் காகிதத்தில் பதில் இல்லை. அவர் இப்படித் தன்மையாகக் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. மனசு இளகிவிட்டது. மலையைச் சொன்னாள், மேலே இருக்கும் முருகனைச் சொன்னாள், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு வரும் கூட்டத்தைச் சொன்னாள், அந்தக் கூட்டத்தில் தன் புருஷன் மாலை விற்பதைச் சொன்னாள். ஒரு நிமிஷம் இருக்கும். ஒன்பது வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவள் யாரிடமும் பேசியதில்லை. பேசி நிறுத்திய பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த "ஐ"யும் "வீ"யும் அவள் காதில் விழுந்தன.

"மறுபடியுமா?" என்றார் லோகன். அந்தக் குரலில் கோபமே இல்லை, வெறும் களைப்பு. போன் வைக்கும் சத்தம் கேட்டது.

அவள் திரும்ப அந்த எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆபீஸிலிருந்து ஷோபனாவின் பெயர் திரையில் மின்னியது. அதை அவள் எடுக்கவில்லை.

விஜயன் கடையைப் பக்கத்துக் கடைக்காரர் பங்காருவிடம் விட்டுவிட்டு மாடி ஏறி வந்தான். அவள் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"மன்னிச்சிட்டாரு பாவா."

"அப்பறம் ஏன் அழுவுற?"

"அப்பறம் நான் பேசிட்டேன்."