காமிரா எண்ணிய இரண்டாவது ஆள்

அஸ்வினிக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு நினைப்பே கிடையாது. வேறு ஏதாவது படியேன் என்று சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். குஷாய்குடாவில் அப்பாவும் மகளும் மட்டுமே இருக்கும் வீடு. அப்பா தண்டபாணி தொழிற்சாலைக்குக் கிளம்பிவிட்டால் பகல் முழுவதும் அவளும் லேப்டாப்பும்தான்.

அவள் குறிவைத்த பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம். காமிரா கண்காணிக்கும். அறையில் இன்னொரு ஆள் தெரிந்தாலோ, எழுதுகிறவர் திரும்பினாலோ, பேசினாலோ எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு மூடிக்கொள்ளும். அப்புறம் குட்டிக்கரணம் போட்டாலும் திறக்காது.

மாதிரித் தேர்வுக்கு உட்கார்ந்த மத்தியானமே திரையில் வந்தது: 'அறையில் இரண்டு பேர்.'

கதவு தாழிட்டிருந்தது. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தால் மறுபடி அதே வரி.

சாயங்காலம் அப்பா அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கும் இரண்டு பேர் என்றது. காமிராவில் தெரிந்த பின்சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்கம்மாளைச் சொல்லுது அம்மிணி."

நாலு வருஷத்துக்கு முன் இறந்துபோன வித்யாலட்சுமி, அந்தச் சுவரில் மாலை போட்ட படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா படத்தை இறக்கக் கை நீட்டினார்.

"எறக்க நக்கோப்பா, வேண்டாம். நான் இடம் மாத்தி உக்கார்றேன்."

"வேற எங்கயும் வெளிச்சம் பத்தாது கண்ணு. பரீட்சை முடியற வரைக்கும்தானே." படத்தைத் துடைத்து, அடுத்த அறை அலமாரியில் வைத்தார். காமிரா ஒருவர் என்று ஒப்புக்கொண்டது.

தேர்வன்று அவர் லீவு போட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். பாதித் தேர்வில் அது வந்தது: 'அறையில் இரண்டு பேர்.'

பின்னால் வெறும் சுவர். திரையின் மூலையில் தெரிந்ததும் அவள் முகம் மட்டும்தான். அடுத்த கேள்விக்குப் போனாள், இரண்டாவது எச்சரிக்கை. தோளுக்கு மேலே யாரோ எட்டிக் கேள்வியைப் படிப்பது போலிருந்தது. திரும்பினால் போச்சு. வாய் திறந்தாலும் போச்சு. மனதுக்குள்தான் சொன்னாள்: 'அம்மா, கொஞ்ச நேரம் வெளியில இரும்மா.'

பிறகு கடைசிக் கேள்வி வரை எச்சரிக்கை வரவில்லை.

அப்பா இறங்கி வந்தார். "எப்படி எழுதினே அம்மிணி? சீட்டு கெடைச்சிருமா?"

"ஹவ்ப்பா. கெடைச்சிரும்."

சந்தோஷமாகச் சிரித்தவர், அவள் அழுவதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"அம்மா வந்திருந்தாங்கப்பா," என்றாள். "நான்தான் போகச் சொல்லிட்டேன்."