ஒட்டுப்பாலில் பற்றிய தீ

இன்று காலை குக்கர் கேஸ்கட்டை அடுப்பின் மேலேயே மறந்து வைத்துவிட்டுப் பால் காய்ச்சத் தொடங்கினேன். பாலைக் கவனித்தேன், கேஸ்கட்டைக் கவனிக்கவில்லை. அது கருகி, கரும்புகை பாத்திர அலமாரி வரை போன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். என் மனைவி அதியன்னூர்க்காரி, அதிகம் பேச மாட்டாள். "மூக்கு எதுக்கு வச்சிருக்கிய?" என்று மட்டும் கேட்டாள். மூக்கு நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. ரப்பர் கருகும் அந்த நாற்றம் என்னை நேராக ஒற்றசேகரமங்கலத்துக்குக் கிழக்கே, மழையில் ஊறிக் கிடந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டது. முப்பது வருடம் கழிந்தும் அது மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

சாரணர் படையில் நான் சேர்ந்ததற்கு ஒரே காரணம் கணக்குப் பாடம். பாறசாலைப் பக்கத்துப் பள்ளியில், தமிழ் மீடியத்தில் ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் என் நிலைமையை வெளியே சொல்ல முடியாது. சாரணரில் மேல்படி பேட்ஜ் வாங்கினால் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கிரேஸ் மார்க் உண்டு என்று யாரோ சொன்னார்கள். அன்று சாயங்காலமே சட்டை தைக்கக் கொடுத்துவிட்டேன். தனியாகப் போகக் கூச்சப்பட்டு, பக்கத்து பெஞ்ச் மணிகண்டனையும் இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. கிரேஸ் மார்க்கை வைத்து அவன் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எனக்குத் துணைக்கு வந்தான், அவ்வளவுதான்.

பேட்ஜுக்குக் கடைசிச் சோதனை ஒரு முகாம். காட்டில் மாட்டிக்கொண்டால் உயிர் பிழைப்பது எப்படி என்பது விஷயம். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே போக வேண்டும். ஞாயிறு காலை பத்தரை மணிக்குத் திருவனந்தபுரத்திலிருந்து தேர்வாளர் வருவார். அதுவரை கயிறு கட்டிய எல்லையைத் தாண்டக் கூடாது. கையில் சாப்பாடு கூடாது, வெளியாள் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு தீக்குச்சி. அதில் தீ மூட்டி, உள்ளே கிடைப்பதை வேகவைத்துத் தின்று, தேர்வாளர் வரும்வரை தீயை அணையாமல் காத்து, அவர் கண்முன்னே அதில் ஒரு டின் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். நாங்கள் ஆறு பையன்கள். எங்கள் சாரண ஆசிரியர் ஞானதாஸ் சார் ஏழாவது ஆள், சாப்பாட்டு விஷயத்தில் அவருக்குச் சட்டம் கிடையாது.

பாடப்புத்தகத்தில் கரடி வந்தால் என்ன செய்வது, பனியில் குழி தோண்டிப் படுப்பது எப்படி என்றெல்லாம் எழுதியிருந்தது. நானும் பக்தியாக மனப்பாடம் செய்தேன். நிஜக் காட்டுக்கு அனுமதி வாங்க ஞானதாஸ் சாருக்குப் பொறுமை இல்லாததால், அவருடைய சொந்தக்காரர் ஒருவரின் ரப்பர் தோட்டத்தில் கயிறு கட்டிவிட்டார். எல்லைக் கயிற்றிலிருந்து கல்லெறி தூரத்தில் ஒரு வீடு. அங்கே ரேடியோவில் மலையாளச் செய்தி வாசிப்பது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. நாங்கள் உள்ளே போய் அரை மணி நேரம் ஆகவில்லை, அந்த வீட்டு அம்மா கயிற்றருகே வந்து நின்றார்.

"பிள்ளியளே, மழ வரப் போவுது. எதுக்கு இங்க கெடந்து கஷ்டப்படுதிய? மரச்சீனி அவிச்சு வச்சிருக்கேன், வந்து தின்னுங்க."

ஞானதாஸ் சார் ஓடி வந்தார். "வேண்டாம் அம்மா. இவியளு காட்டுல மாட்டிக்கிட்டிருக்கினும்."

"காடா? இது எனக்க மாமனுக்க வெளயாக்கும் சாரே!"

விளை என்றால் தோட்டம், அந்த மாமன்தான் சாரின் சொந்தக்காரர். மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கும் அதற்கு வைத்திருந்த மீன் குழம்பும் எங்களுக்கு விலக்கப்பட்டன. ஆனால் அந்த அம்மாவின் மனம் புண்படக் கூடாதே என்று சார் மட்டும் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். நாக்கைத் துழாவிக்கொண்டே வந்த அந்த மனிதரை அன்று நான் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றியிருக்கும். பிறகு மழையில் நனைந்த சுள்ளி மட்டும் பற்றவில்லை என்பதுதான் துயரம்.

மூன்று மணிக்கே மழை வந்துவிட்டது. துலாம் மாத மழை, அதாவது ஐப்பசி மழை, உங்களுக்குத் தெரியுமல்லவா, இடியோடு வந்து ஒரு மணி நேரத்தில் ஊரைக் கழுவிவிட்டுப் போகும். மழை விட்டபோது தோட்டத்தில் உலர்ந்தது என்று சொல்ல எங்கள் தொண்டை மட்டும்தான் இருந்தது. மற்ற நான்கு பேரும் தங்கள் தீக்குச்சிகளை வரிசையாக வீணடித்தார்கள். ஒருவன் இலைச்சருகில், ஒருவன் தென்னம்பாளையில், ஒருவன் தன் நோட்டுப் புத்தகத்துத் தாளில். மணியின் குச்சிகள் சட்டைப் பையிலேயே நனைந்து மருந்து உதிர்ந்துவிட்டன. என் முதல் குச்சியை நான் உரசிய வேகத்தில் அது இரண்டாக ஒடிந்து சேற்றில் விழுந்தது. ஆறு பேருக்கும் மிச்சம் ஒரே ஒரு குச்சி, அது என் கையில். என் கிரேஸ் மார்க் முழுவதும் அந்த மருந்துத் தலையில் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒட்டுப்பால் ஞாபகம் வந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய வரியில் கடைசியாகக் கசிந்த பால் காய்ந்து நாடா மாதிரி ஒட்டியிருக்கும். மறுநாள் வெட்ட வருபவர் அதை உரித்து எடுத்துச் சாக்கில் போடுவார். மழை நனைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. தீ காட்டினால் பிடித்துக்கொள்ளும், விடாது. இது எந்தச் சாரணப் புத்தகத்திலும் கிடையாது. மரம் மரமாக ஓடி, இரண்டு கை நிறைய உரித்துக்கொண்டு வந்தேன். மரத்திலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மணி ஒரு பெரிய சேம்பிலையைப் பறித்து என் தலைக்கு மேல் பிடித்தான். இலையில் விழுந்த தண்ணீரெல்லாம் அவன் முதுகில் இறங்கியது.

"பைய ஊதுலே," என்றான். "நீ ஊதுத ஊத்துல இருக்குததும் அணஞ்சு போவும்."

பற்றிக்கொண்டது. கரும்புகை, நாற்றம், கண்ணெரிச்சல், எல்லாமே எனக்கு அன்று சந்தனம். வாழ்க்கையில் நான் சொந்தமாகச் சாதித்தது என்று ஒன்று இருந்தால் அந்தத் தீதான். மெல்ல மெல்ல விறகை உலர்த்தி அடுக்கி, பெரிதாக்கினேன். எல்லைக்குள் கிடைத்த சேம்பங்கிழங்கை டின்னில் வேகவைத்தோம். அது தொண்டையில் அரித்த அரிப்பில் ஆளுக்கு இரண்டு கடியோடு நிறுத்திக்கொண்டோம். மணி முதல் கடியிலேயே துப்பிவிட்டான். இரவெல்லாம் முறை போட்டுத் தீயைக் காத்தோம். என் முறை முடிந்த பிறகும் நான் தூங்கவில்லை, மற்றவர்களை நம்பவில்லை.

ஞாயிறு விடிந்தது. தீ ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. இன்னும் மூன்றரை மணி நேரம் பொறுத்தால் போதும். ஏழு மணிக்கு ஞானதாஸ் சார் விசில் ஊதினார்.

"எல்லாரும் மொகத்த கழுவுங்க. எட்டு மணிக்கு ஆராதன."

எனக்குப் புரியவே இல்லை. காட்டில் மாட்டிக்கொண்டிருக்கும் நாங்கள் ஆராதனைக்கு எப்படிப் போக முடியும்? ஆனால் சார் தன் சபையில் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் இருப்பது என்ற ஒரு சாத்தியமே அவர் மண்டைக்குள் கிடையாது. நடக்கிற தூரத்தில் ஒரு பழைய மிஷன் கோயில், அதாவது சர்ச், இருக்கிறது, ஒன்பதரைக்குத் திரும்பிவிடலாம், தேர்வாளர் பத்தரைக்குத்தானே என்று கணக்குப் போட்டிருந்தார். அவர் கணக்கும் என் கணக்கு மாதிரிதான்.

"சாரே, தீ?" என்றேன்.

"ஞாயிறாழ்ச்ச ஆராதனய விட்டுட்டுத் தீக்குக் காவல் இருப்பியாலே? ஒனக்க அப்பன் எங்கிட்டயாக்கும் கேப்பாரு."

ஆறு பேரில் ஐந்து பேர் சபைப் பிள்ளைகள். மணி மட்டும்தான் இல்லை. "மணி இரிக்கட்டும்," என்றார் சார். மணி என்னைப் பார்த்து, "நீ போ மக்கா, நான் பாத்துக்கிடுவேன்," என்றான். எந்த விறகை எப்போது வைக்க வேண்டும் என்று அவனுக்கு நான் பாடம் எடுத்தேன். போகும்போது நான்கு தடவையாவது திரும்பிப் பார்த்திருப்பேன், தீயை.

கோயில் வாசலில் வாழை கட்டி, தென்னங்குருத்துத் தோரணம் தொங்கியபோதே இது ஒன்பதரைக்கு முடிகிற காரியம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று அந்தச் சபையில் அறுப்பின் பண்டிகை. பிரசங்கம் முடியவே பத்தாகிவிட்டது. அதன் பிறகு ஏலம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முதல் விளைச்சல் என்று சேனை, தேங்காய், வாழைக்குலை, காலைக் கட்டிய கோழி எல்லாம் வந்து குவிந்திருந்தன. பாஸ்டர் எங்கள் சாரின் குரலைக் கேட்டுவிட்டார். ஏலம் விளிக்க அவரையே கூப்பிட்டார். பட்டப்பகலில், யூனிபார்மில், கழுத்தில் விசிலோடு ஞானதாஸ் சார் மேசை மேல் ஏறி நின்று "ஒரு தரம்!" என்றார். பொருட்களைத் தூக்கிக் காட்டும் வேலை எங்களுக்கு. நான் ஒரு சேவலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சாரிடம் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினேன். அவர் பார்த்தார், தலையாட்டினார், "ரெண்டு தரம்!" என்றார். அந்தச் சேவலுக்கு என்னைவிடப் பொறுமை இருந்தது.

உழைத்ததற்காகப் பாஸ்டர் எங்களுக்கு ஒரு மட்டி வாழைக்குலை கொடுத்தார். குட்டி குட்டியாக, தேன் மாதிரி, நன்றாகப் பழுத்த மட்டி. கயிற்றுக்கு வெளியே தின்றால் தப்பில்லை என்று சாரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். நடந்துகொண்டே தின்றோம். நான் கோபத்தில் தின்றேன், அதனால் நிறையத் தின்றேன். வெறும் காம்பை ஓடையில் எறிந்துவிட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது உச்சிப் பொழுது.

தேர்வாளர் ஒரு மரத்தண்டின் மேல் உட்கார்ந்திருந்தார். டின்னில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மணி, கரி பிடித்த முகத்தோடு, நின்றுகொண்டிருந்தான். சார் ஆராதனை என்று ஆரம்பித்தார். தேர்வாளர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "காட்டில் பெட்டுப் போயவன் ஞாயறாழ்ச ஆயால் பள்ளியில் போகுமோ?" என்று கேட்டார். காட்டில் மாட்டிக்கொண்டவன் ஞாயிறு ஆனால் கோயிலுக்குப் போவானா என்று அர்த்தம். தாளில் மணிகண்டன் பெயருக்கு மட்டும் டிக் விழுந்தது.

"அது நான் போட்ட தீயாக்கும் சார்!" என்று கத்தினேன். அழுகை வந்துவிட்டது.

தேர்வாளர் மணியைப் பார்த்து, "ஆணோ?" என்றார், அப்படியா என்று. மணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாயைத் திறக்கவில்லை. ஒரு 'ஆமா' போதும். அவனுக்குத் தேவையே இல்லாத மார்க். அவர் ஜீப்பில் ஏறிப் போகும்வரை அவன் பேசவில்லை.

அதற்குப் பிறகு நானும் பேசவில்லை. பெஞ்ச் மாறினேன். இரண்டு முறை வீட்டுக்கு வந்தான். நான் பின்பக்கம் ஒளிந்துகொண்டு, இல்லை என்று சொல்லச் சொன்னேன். பத்தாம் வகுப்பில் கணக்கு போயிற்று. கிரேஸ் மார்க் இருந்தால் தேறியிருக்கும் என்கிற அளவில் போயிற்று, அதுதான் ஆறவில்லை. செப்டம்பரில் மறுபடி எழுதித் தேறினேன், ஒரு வருடம் வீண். மணி பாலிடெக்னிக் போனான், பிறகு மஸ்கட் போனான். என் வாழ்க்கையில் சரியாக வராத எல்லாவற்றுக்கும் அந்த மௌனம்தான் காரணம் என்று நான் வெகுகாலம் கணக்கெழுதி வைத்திருந்தேன். மனைவிக்கு இந்தக் கதை மனப்பாடம்.

ஞானதாஸ் சார் காலமாகிவிட்டார். அந்தத் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுக் கைதச்சக்கை போட்டிருக்கிறார்கள், உங்கள் ஊரில் அன்னாசி என்பீர்கள். சுற்றிலும் கம்பி வேலி. இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய துக்கம் இல்லை.

போன வருடம் மணி வந்தான். நான் நெய்யாற்றின்கரையில் ஆதாரம் எழுதுகிறவன், நிலப் பத்திரம் எழுதுவது என் தொழில். அவனுடைய அம்மாவும் அப்பாவும் போன பிறகு பூட்டிக் கிடந்த வீட்டை விற்கிறான். மஸ்கட் வேலையையும் விட்டாயிற்று, இனி மகளோடு பெங்களூரில். யார் சொல்லி என்னிடம் வந்தானோ, நான் கேட்கவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. எழுதி முடித்து, ரிஜிஸ்டிரார் ஆபீஸில் பெயர் கூப்பிடும்வரை வெளியே சாயா குடித்தோம். என்னால் அடக்க முடியவில்லை.

"எலே, அண்ணு அந்த ஆளு கேட்டப்போ நீ ஏன் வாயத் தொறக்கல்ல?"

"எந்த ஆளு?"

சொன்னேன். தீ, டின், தேர்வாளர், டிக். அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். பிறகு சிரித்தான்.

"பேட்ஜ் ஒண்ணும் ஓர்ம இல்ல மக்கா. அவரு என்ன கேட்டாருண்ணும் தெரியாது. தல சுத்திட்டு நின்னேன். மொத நாளு உச்சைக்குத் தின்னதாக்கும், பொறவு ஒண்ணும் இல்ல. அந்த வீட்டு அம்மா காலையில ரெண்டு தடவ வந்து தின்ன விளிச்சா. தீய விட்டுட்டுப் போனா நீ வையுவியேண்ணு போவல்ல." சாயாவை ஒரு வாய் குடித்தான். "நீங்க வந்தப்போ ஒங்க எல்லாருக்க வாயிலயும் மட்டிப்பழத்துக்க மணம். அது மட்டும் நல்ல ஓர்ம உண்டு."

குற்றம் சொல்வது போலவே சொல்லவில்லை. அன்று நல்ல மழை இருந்தது என்பது போலச் சொன்னான். முப்பது வருடம் அவன் வந்து மன்னிப்புக் கேட்பான் என்று விறைத்துக்கொண்டு இருந்தவன் நான். ஐந்து பேர் ஒரு குலையைத் தின்றோம், அவனுக்கு ஒரு பழம் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

போய்க் கையெழுத்துப் போட்டான், விரல் பதித்தான். வெளியே கார் காத்திருந்தது. "வாறேன் மக்கா," என்றான். எங்கள் ஊரில் போகிறவன் சொல்லுகிற சொல் அதுதான், வருவான் என்று அர்த்தம் இல்லை. இந்தப் பக்கம் அவன் திரும்பி வருவதற்கு மிச்சமிருந்த ஒரே காரணம் அந்த வீடு. நாலு எல்லையும் பிசகாமல் அதை வேறொருவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தது நான்தான்.